ஓர் அங்குலம் குறைவு

மாப்ளே,

இன்று காலை பழைய இரும்புக்காரர் வந்து நம் லோரியைப் பிரித்தார். டேஷ்போர்டை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். கழற்றும்போது அதன் ஓரத்தில் நீ ஒட்டிய மரத்துண்டு தனியாக வந்துவிட்டது. வார்னிஷ் வாசனை இன்னும் இருக்கிறது. நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. அந்த வாசனையில் நீ பக்கத்தில் நிற்பதுபோல் இருந்தது.

பழைய டேஷ்போர்டுப் பலகையைக் கறையான் தின்று, சுவிட்சும் மீட்டரும் கம்பியில் தொங்கிய நாள் நினைவிருக்கிறதா? கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் பாசார் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் வழியில் இரண்டு முறை புகைந்தது. அப்போதுதான் ஊரில் கடை வைத்துத் தருகிறேன், வந்துவிடு என்று உன் அண்ணன் எழுதியிருந்தார். நாகப்பட்டினத்துக்கு டிக்கெட்டும் எடுத்துவிட்டாய். "லோரிய ஓடுற மாதிரி செஞ்சி குடுத்துட்டுத்தான் கப்பல் ஏறுவேன்" என்றாய். நீ சொன்னால் சொன்னதுதான்.

விபத்தில் நொறுங்கிய புதுமாதிரி லோரி ஒன்றின் மர டேஷ்போர்டு கிடைத்தது. நம் லோரிக்கு அது நீளம் அதிகம். அளப்பது என் வேலை, அறுப்பது உன் வேலை. நம் லோரியில் பலகை உட்காரும் இடத்துக்கு அடிக்கோல் நாற்பத்தொரு அங்குலம் காட்டியது. நான் நாற்பது என்றேன். வாய் தவறவில்லை மாப்ளே. பலகை சேராவிட்டால் நீ கப்பல் ஏறமாட்டாய் என்று தெரிந்துதான் சொன்னேன். நீ இல்லாத லோரியில் உட்கார எனக்கு மனமில்லை.

அறுத்துப் பொருத்தினால் ஓரத்தில் ஓர் அங்குலம் இடைவெளி. "உன்ன அளக்க விட்டேன் பாரு, என்னையச் சொல்லணும்" என்று திட்டினாய். அறுத்து விழுந்த துண்டிலிருந்தே ஒரு பட்டை எடுத்து ஒட்டினாய். பசை காய்வதற்குள் கப்பல் போய்விட்டது.

"அடுத்த கப்பல்ல போயிடுவேன்லா" என்று பன்னிரண்டு வருஷம் சொன்னாய். புது டேஷ்போர்டின் வேகமுள்ளுக்கு நம் லோரியில் இணைப்பே கிடையாது. ரவாங் போனாலும் காஜாங் போனாலும் அது பூஜ்ஜியத்திலேயே கிடக்கும். அதைத் தட்டிவிட்டு, "நாம எங்கயும் போகலையாம்" என்பாய். நான் சிரிப்பேன். உன் கடையைக் கெடுத்தவன் நான்தானே என்று உள்ளே உறுத்தும். கடைசிவரை சொல்ல வாய் வரவில்லை.

இன்று அந்தத் துண்டைத் திருப்பினேன். பின்பக்கம் உன் பென்சில் எழுத்தில் 'தொன்று' என்றிருந்தது. பலகையைத் திருப்பினேன். அதன் விளிம்பில் 'நாற்பத்'. எழுத்தின் நடுவே ரம்பம் போயிருக்கிறது.

அறுப்பதற்கு முன்பே நீயே அளந்து எழுதியிருக்கிறாய்.

திருட்டுப் பயலே, நான் மட்டும்தான் ஏமாற்றினேன் என்று இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தேன். பலகை வீட்டில் இருக்கிறது. துண்டு என் சட்டைப் பையில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு, இனி நான் எங்கே போனாலும் என்னோடுதான் வரும்.