விளிம்பு வரை தேநீர்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் பெர்மெத் வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே அல்மாத்தியில் எங்கள் தையற்கூடத்துக்கு ஆரோக்கியப் பைத்தியம் பிடித்திருக்கிறது. காலையில் மெஷின் முன்னால் கையை நீட்டி மடக்குகிறோம். ரஷ்யாவிலிருந்து புதிதாக வந்த நர்ஸ், "யாருமே தண்ணி குடிக்கிறதில்ல. டீயையாவது கிண்ணம் நிறைய ஊத்தும்மா" என்றார். இளையவள் நான்தானே ஊற்ற வேண்டும்? நேற்று எல்லாருக்கும் மூத்த புருல் அக்காவுக்கு விளிம்பு வரை ஊற்றிவிட்டேன். மடமடவென்று குடித்தவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"குடிச்சிட்டுக் கிளம்புன்னு விருந்தாளிக்கு ரொப்புற மாதிரி ரொப்பிட்டியேடி. இருக்கச் சொல்றவங்களுக்கு அரைக் கிண்ணம்தானே ஊத்துவோம்? உனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, இனிமே தைக்க வராதேன்னு நேரா சொல்ல வாய் வரலையா?"

"ஐயோ அக்கா, உங்க ஒடம்புக்காகத்தான்!"

வாசல் வரை ஓடி இழுத்து வந்தேன். நர்ஸுக்கு ஒன்றுமே புரியவில்லை. இப்போது அரைக் கிண்ணம் ஊற்றினால் அவர் முறைக்கிறார், நிறைய ஊற்றினால் அக்காக்கள் முறைக்கிறார்கள். நான் யார் பேச்சைத்தான் கேட்பது?

கம்பளிக் காலுறையும் நீங்கள் உருட்டிக் காயவைத்த தயிர் உருண்டையும் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புங்கள். மணி அடித்துவிட்டது. பனிக்கு முன் வந்துவிடுவேன். எனக்கு அரைக் கிண்ணம்தான் ஊற்ற வேண்டும், அம்மா.

பெர்மெத்