ஏழு மாடிக் கடையின் முன்வாசல்

மார்ச் 3
மழை. முழங்கால் வலி. எனக்கு எழுத்து தெரியாது; பேசினால் போனே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் பழக்கிவிட்டாள். இன்று அவள் நகரத்து நடுவில் இருக்கும் பெரிய கடையிலிருந்து நாலு பை நிறைய வாங்கி வந்து கட்டிலில் பரப்பினாள். என் மனைவி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "இதெல்லாம் எத்தனாவது மாடி?" என்றாள். பார்க்காமலே சொன்னேன், நாலு என்று. அந்தக் கடை லிஃப்டில் முப்பத்துநாலு வருஷம் நின்றவன் நான். அவள் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

மார்ச் 4
கல்யாணமான வருஷம். வியாழக்கிழமை, பதினோரு மணி இருக்கும். அவள் இரவல் கைப்பையை மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து என் லிஃப்டில் ஏறினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். லிஃப்டில் இன்னும் ஐந்து பேர். நான் பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டையில். "எந்த மாடிங்க?" என்றேன், யாரோ மாதிரி. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

மற்றவர்கள் ஏழாவது மாடியில் இறங்கியதும் சொன்னேன்: "வேலை செய்றவங்க வீட்டாளுங்க முன்வாசல் வழியா வரக்கூடாது. என் வேலை போயிடும்."

அப்படி ஒரு சட்டமே கிடையாது.

ஏழு மாடியும் படி வழியே இறங்கிப் போனாள். அதற்கப்புறம் வரவே இல்லை. மாசக் கடைசியில் பின்கேட்டில் பழுதுச் சாமான்களை ஊழியர்களுக்குச் சல்லிசாகத் தருவார்கள். அதைத்தான் கொண்டுவந்து கொடுத்தேன். விளிம்பு உடைந்த கோப்பை, நூல் இழுத்த சால்வை. அவளாக ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்ததே இல்லை.

மார்ச் 9
"கடைக்குப் போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, வேலை போயிடுமே!" என்றாள். அப்புறம் அவளே, "ரிட்டையர் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சு. இனி எதைப் புடுங்குவாங்க?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொல்ல அதுதான் சமயம். அதைவிட்டு, எந்த நாள் போகலாம் என்று கேட்டேன்.

மார்ச் 12
போனோம். முன்வாசல் வழியாகத்தான். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் அவள் அரை அடி பின்வாங்கினாள்.

நாலாவது மாடியில் விற்கிற பெண் சால்வைகளை எடுத்துப் போட்டாள். இவள் ஒவ்வொன்றையும் புரட்டி, வெளிச்சத்தில் பிடித்து, ஓரம் முழுக்க விரலால் தடவினாள்.

"என்னம்மா தேடுறீங்க?"

"பழுது எங்கன்னு பாக்கறேன்."

"புதுசும்மா. இதுல பழுதே இருக்காது."

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது பார்த்தா எங்கள் பழைய கேஷியர் வரவேண்டும்? மனைவியோடு வந்திருந்தார்.

"யோவ், இத்தனை வருஷத்துல இப்பத்தான் வீட்டம்மாவைக் கண்ணுல காட்டறே! என் ஆளு அப்பவே வாரம் தவறாம வந்து நின்னு என் உயிரை எடுப்பா."

இவள் கேட்டாள்: "அப்பவே வரலாமா? முன்வாசல் வழியா?"

"பின்னே, சுவரேறியா குதிப்பாங்க?"

அவர் சிரித்தார். இவள் சால்வையை மடித்து வைத்தாள். ஒன்றும் வாங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 13
சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்ச் 15
நானே போய் நின்றேன். பொய்தான் சொன்னேன் என்றேன்.

"எதுக்கு?"

"உன் முன்னாடி அடுத்தவங்களுக்குக் குனிஞ்சு நிக்கக் கூச்சமா இருந்துச்சு."

பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "நான் குனியறதைத் தினம் பாத்துக்கிட்டுதானே உக்காந்திருந்தீங்க? எனக்குக் கூச்சம் வரலியே."

நாப்பத்தெட்டு வருஷம். ஒரு நிமிஷக் கூச்சத்துக்கு நாப்பத்தெட்டு வருஷம்.

மார்ச் 19
காலையில் மருமகளோடு கிளம்பிப் போனாள். என்னிடம் மருமகள்தான் சொல்லிக்கொண்டாள். திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இருவர் கையிலும் பை இல்லை.

"என்ன வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கல. எல்லாத்தையும் எடுத்துப் போடச் சொல்லிப் பாத்தோம்."

"ஏழு மாடியும் அத்தை விடலை மாமா," என்றாள் மருமகள். "சென்ட் விக்கற இடத்துல மட்டும் ஒரு மணி நேரம். அத்தை கை ரெண்டும் மணக்குது பாருங்க."

அவள் காட்டவில்லை. கால் கழுவிக்கொண்டே, அடுத்த வியாழக்கிழமையும் போகலாம் என்று மருமகளிடம் சொன்னாள்.

"நானும் வரட்டுமா?" என்றேன்.

துண்டை எடுத்து நிதானமாகக் காலைத் துடைத்தாள்.

"பாக்கலாம்," என்றாள்.