மணல் சுவர் வழக்கு

18 நவம்பர் 1974, திங்கள்

திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டில் இன்று எனக்கு ஜெயம். குமாஸ்தா சொல்லி, வீட்டில் மனைவி பாயசம் வைத்திருந்தாள். என்னால் வாயில் வைக்க முடியவில்லை.

கடம்பத்தூர் அலமேலு போன மாதம் என்னிடம் வந்தாள். அவளுடைய புது வீட்டுச் சுவர் போன வருஷம் முதல் மழையிலேயே சரிந்துவிட்டது. "வெரல வச்சா மணலா கொட்டுது சார்" என்று அழுதாள். கான்ட்ராக்டர் மேல் தானே வழக்குப் போட்டிருந்தாள். வாதாட என்னைக் கேட்டாள். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "பார்க்கலாம்மா" என்றேன். அடுத்த வாரம் அந்தக் கான்ட்ராக்டரே வந்தார். கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை ஷெட்டுகள் கட்டுகிறவர். இனித் தன் வழக்கெல்லாம் எனக்குத்தான் என்றார். அவருக்காக வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குச் சொல்லி அனுப்பவில்லை.

இன்று என்னைக் கண்டதும் அவள் புருஷனிடம், "நம்ம வக்கீலு வந்துட்டாரு" என்றாள். நான் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன்.

கூண்டில் ஏறியவளைக் கேட்டேன்: "கலவையில இவ்வளவு சிமெண்ட் போடணும்னு எழுதி வாங்கினியா?"

"இன்னா சார், எழுதி வாங்கலன்னு உங்களாண்டதானே சொன்னேன்?"

கோர்ட்டில் சிரித்தார்கள். வழக்கு தள்ளுபடியாகிவிட்டது.

வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். திட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

"மேல் கோர்ட்டுக்குப் போலான்றாங்க. வேற நல்ல வக்கீலு யார்னா இருந்தா சொல்லுங்க சார்."

இரண்டு பேரை எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அதற்குள் கான்ட்ராக்டர் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். போய் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.