மீன் வண்டியில் மதினியின் குரல்

மதினி,

இன்று காலை நம் தெருவுக்கு மீன் வண்டி வந்தது. "திருப்பாலைக்குடி மீனு வந்திருக்கு ஆத்தா! சூடை, பாரை, நண்டு... ஏனத்த எடுத்துட்டு வாங்க!" என்று ஒலிபெருக்கியில் நீங்கள் கூவினீர்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் எச்சில் கையோடு வாசலுக்கு ஓடினார். அவரைக் கண்டதும் மீன்காரர் பதறிப்போய் ஒலிபெருக்கியை நிறுத்தினார்.

"அமத்தாதப்பா, ஓடட்டும்," என்றார் அண்ணன்.

நீங்கள் போன அன்றுகூட அழாத மனிதர், நடுத்தெருவில் நின்று அழுதார்.

என் வீட்டுக்காரர் இறந்து நான் பிறந்த வீட்டுக்குத் திரும்பியபோது நமக்கு ஐம்பது தாண்டியிருந்தது. வயலில் நின்று நீங்கள் கூப்பிட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும். "இந்தக் கொரல வச்சுப் பொழைக்கலாம் மதினி" என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள். நெல் மூட்டை அடுக்கிய உள்ளறையில் பழைய போர்வைகளைத் தொங்கவிட்டு, ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்தோம். மீன் வண்டிக்கும் காய் வண்டிக்கும் நீங்கள் கூவிப் பேச, நான் பதிவு செய்து கொடுத்தேன். "கெழவிகளுக்கு எதுக்கு இந்த ஆட்டம்?" என்று சிரித்தவர்களே பிறகு திருவிழா அறிவிப்புக்கு நம் வாசலில் வந்து நின்றார்கள்.

அப்புறம் உங்கள் தொண்டை கட்டியது. பனி என்று நினைத்தோம். மதுரையில் பார்த்த டாக்டர், குரல்வளையையே எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். பஸ்ஸில் வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "கொரலு போனா நான் யாருத்தா?"

நான் உங்கள் முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் உள்ளறையில் உட்கார்ந்து, கேட்டிருந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் பேசி முடித்தீர்கள். குரல் கரகரத்தது, தண்ணீர் குடித்துக் குடித்துப் பேசினீர்கள். "இனி யாருக்குப் பேச?" என்றீர்கள்.

"எனக்குப் பேசுங்க மதினி."

மைக்கை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். மூச்சு மட்டும் பதிவானது. கடைசியில், "ஏத்தா, வயலு மோட்டார நிப்பாட்டுனியா?" என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டீர்கள். எனக்கென்று நீங்கள் பேசியது அவ்வளவுதான்.

குரலைக் கொடுத்தும் உயிர் தங்கவில்லையே மதினி. நோய் திரும்பவும் வந்தது. ஆபரேஷனில் போட்ட கழுத்துத் துளை வழியாக நீங்கள் இழுத்த மூச்சின் சத்தத்தைக் கேட்க முடியாமல் நான் மாட்டுக்கொட்டிலுக்குப் போய் நிற்பேன். கதவைத் தட்டிக் கூப்பிடுவீர்கள், ஓடி வருவேன்.

அந்த நிலையிலும் ஒருநாள் என்னை இழுத்துப்போய் மைக் முன்னால் உட்கார வைத்தீர்கள். பேசு என்று கையைக் காட்டினீர்கள். "எனக்கு வராது மதினி, விட்டுருங்க" என்று கெஞ்சினேன். நீங்கள் பின்னால் வந்து என் முதுகில் உள்ளங்கையை அழுத்தினீர்கள். நான் தட்டுத்தடுமாறிப் பேசினேன். குரல் எழும்பிய இடத்திலெல்லாம் உங்கள் கை இன்னும் அழுந்தியது.

இப்போது கேட்டு வருகிறவர்களுக்கு நான்தான் பேசுகிறேன். பாதியில் குரல் உடைந்துவிடுகிறது. அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். இதை எதற்குச் செய்கிறேன் என்றே சில நாள் விளங்குவதில்லை. ஆனால் முதுகில் நீங்கள் கை வைத்த இடம் இன்னும் சூடாகவே இருக்கிறது. அந்தச் சூட்டில்தான் வாயைத் திறக்கிறேன்.