பெயர் சொல்லி வாங்கிய பார்சல்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பது போன வாரம் அம்மாவோடு நீ போனில் போட்ட சண்டையிலேயே தெரிந்துவிட்டது, உடம்புக்கு முடியாதவர்களுக்கு அவ்வளவு குரல் வராது. கையெழுத்தைப் பார்த்துக் கவலைப்படாதே, பக்கவாதம் வந்து படுத்தது இடது பக்கம்தான், வலது கை தப்பித்துவிட்டது, இது என் பழைய கோணல் எழுத்தேதான். எனக்குத் தகராறெல்லாம் இப்போது பேச்சில்தான், மனதில் சரியாக இருக்கிற வார்த்தை வெளியே வரும்போது குழறிப்போகிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே புரிந்துகொண்டு சரிப்பா சரிப்பா என்று முடித்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன், இதில் குறுக்கே பேச உனக்கு வழியில்லை.

நீ சண்டை போட்ட விஷயத்துக்கே வருகிறேன். அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு வேண்டியதையெல்லாம் நீ ஆன்லைனில் வாங்கி வாசலிலேயே வந்து இறங்கும்படி ஏற்பாடு பண்ணியிருக்கிறாய், இந்த மனுஷன் அம்மா போனை எடுத்து ஒவ்வொரு தடவையும் வீட்டுக்கு என்பதைக் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று மாற்றிவைக்கிறாரே, இழுத்து இழுத்து நடக்கிற காலை வைத்துக்கொண்டு எதற்கு இந்த வீம்பு என்று கேட்டாயாம். கேட்க வேண்டிய கேள்விதான். வீட்டுக்கே எல்லாம் வந்துவிட்டால் நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை பாப்பா, பதில் அவ்வளவுதான். காலிங் பெல் அடித்தால் நான் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன், அம்மா போய் வாங்குவாள், பார்சல்காரர் சார் எப்படி இருக்கார் என்று கேட்டால் அதற்கும் அம்மாவே பதில் சொல்வாள். உன் அம்மா நல்லவள், ஆனால் நான் ஒரு வார்த்தையை ஆரம்பிப்பதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு அதை முடித்துவைப்பாள், அதுவும் நான் சொல்ல வந்ததாக இருக்காது. ஒரு நாள் ஜன்னல் என்று தொடங்கினேன், ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்கிறாள். தினம் முப்பது பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துத் தெரு முனைவரை கேட்கிறபடி கத்தின வாய் இது, இப்படி ஊமையாக உட்கார்ந்திருப்பது எனக்கு அவமானமாக இருந்தது, உன்னிடம் சொல்வதற்கென்ன. பேச்சுப் பயிற்சி தருகிற டாக்டரம்மா, கண்ணாடி முன்னால் பேசியது போதும், உங்களைத் தெரியாத யாரிடமாவது போய்ப் பேசுங்கள், அங்கேதான் நாக்குக்குப் பயம் தெளியும் என்றார். தெரியாதவரிடம் போய் என்னத்தைப் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் பார்சல் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், நீ கவனித்தாயோ இல்லையோ. நான் படுத்து எழுந்த நாளிலிருந்து உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. பாப்பா, கண்ணு, அம்மாடி என்று சமாளித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். காரணம் உன் பெயருக்கு நடுவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற அந்த ழ. நீ பிறந்தபோது வாயில் சுலபமாக நுழைகிற மாதிரி ஏதாவது வைக்கலாம் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள், நான்தான் ழ இருக்கிற பெயர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள், உன் டீச்சர், பல் டாக்டர் என்று யார் ள போட்டு உன்னைக் கூப்பிட்டாலும் நிறுத்தித் திருத்தாமல் விட்டதில்லை, நீகூட விடுங்கப்பா என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாய். இப்போது என் நாக்கே திருப்ப மாட்டேன் என்கிறது. முன்னால் போகிற எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக வந்துவிட்டது, ழ மட்டும் நாக்குக்கு ரிவர்ஸ் கியர், விழவே இல்லை. நீ ஆர்டர் போடுவதோ உன் பெயரில். ஆர்டர் நம்பரைக் காட்டாவிட்டால் கடையில் கேட்கிற முதல் கேள்வியே யார் பெயரில் என்பதுதான். எனக்கு இதைவிடப் பொருத்தமான பரீட்சை வேறு எங்கே கிடைக்கும் சொல்.

கடை நம் பெரிய தெருவில் மருந்துக்கடையைத் தாண்டி இருக்கிறது, நானே நடந்து போய்விடுகிறேன், வழியில் உட்காரத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு சிமெண்டு பெஞ்சும் உண்டு. உள்ளே வாஷிங் மெஷின்களையெல்லாம் தாண்டி, கடைசியில் ஆன்லைன் பார்சல் வாங்குமிடம் என்று ஒரு போர்டு, அதற்குக் கீழே ஒரு மேஜை, பின்னால் கூரைவரை அலமாரி, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண். முதல் இரண்டு தடவை நான் அம்மா போனை நீட்டினேன், நீ அனுப்பிய நம்பரை அவள் பார்த்தாள், பார்சலைக் கொடுத்தாள், ஒரு வார்த்தை இல்லை. பரீட்சையில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்து எழுதினவன் போல வீடு வந்து சேர்ந்தேன். மூன்றாம் தடவை போனை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நம்பர் இல்லையென்றால் பெயரைச் சொன்னால் போதும் என்றாள். எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, சிக்னலில் வண்டி நின்றுபோய்ப் பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முழிப்பார்களே, அந்த முழி நான் முழித்தேன். எத்தனை பேரை அந்த நேரத்தில் திட்டியிருக்கிறேன். எப்படியோ உன் பெயரைச் சொன்னேன், ழ போய் ல வந்து விழுந்தது. உன் பெயரில் ல போட்டால் அது வேறு ஒரு பெண்ணின் பெயர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, அந்தப் பெயரிலும் அலமாரியில் ஒரு பார்சல் இருந்திருக்கிறது, இதுதானே சார் என்றாள், விட்டால் போதும் என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே சின்னப் பிள்ளைகள் நீச்சலுக்குப் போடுகிற கண்ணாடியும் தவளை முகம் போட்ட ஒரு ரப்பர் தொப்பியும். அம்மா அந்தத் தொப்பியைத் தலையில் மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தாங்கவில்லை. பெற்ற பெண்ணின் பெயரைச் சொல்லத் தெரியாமல் ஊரான் வீட்டுப் பிள்ளையின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேனே என்று இருந்தது.

மறுநாள் அம்மா, நானே போய்ச் சொல்லி மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டாள். நீ போனால் இனி நான் அங்கே போகவே மாட்டேன் என்றேன், அதைச் சொல்லி முடிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, பாவம், அவளும் அன்றைக்குத்தான் முதல்தடவையாக முடிக்கும்வரை காத்திருந்தாள். தொப்பியையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு தனியாகவே போனேன். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள், தொப்பிக்குச் சொந்தக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் போல, அவளுக்கு நல்ல திட்டு விழுந்திருக்கும். ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளி, எழுதிக் காட்டுங்கள் என்றாள், நல்ல எண்ணத்தில்தான். நான் பேனாவை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். சொன்னேன், ல வந்தது. மறுபடி சொன்னேன், ள வந்தது. எனக்குப் பின்னால் நின்றவர் ஒரு பெருமூச்சு விட்டார், கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது, பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. அப்போது அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டு, "மெதுவா சொல்லுங்க சார், கடை எங்கயும் ஓடிப் போயிடாது" என்றாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்காவது நான் இப்படிச் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. மூச்சை இழுத்து, நாக்கை மடக்கி, அவசரப்படாமல் பின்னால் கொண்டுபோய் விட்டேன். விழுந்தது பாப்பா. சுத்தமான ழ. உன் முழுப் பெயரும் கடை முழுக்கக் கேட்டது. அவள் தட்டச்சு செய்துகொண்டே, "யாரு சார், உங்க பொண்ணா?" என்று கேட்டாள், ஆமாம், என் பொண்ணு, வெளியூரில் இருக்கிறாள் என்று ஒரு முழு வாக்கியமே சொன்னேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மூக்கைத் துடைப்பது போலத் துடைத்துக்கொண்டேன். நீ அம்மாவுக்கு வாங்கிப் போட்ட முதுகுத் தலையணை பத்திரமாக வந்து சேர்ந்தது, அதில் சாய்ந்துகொண்டுதான் இந்தக் கடிதத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே கடையில் வாங்குவதை நீ மாற்றாதே, ஃபிரிட்ஜ் மாதிரி ஏதாவது வாங்கினால் மட்டும் வீட்டுக்கு அனுப்பு, நான் பயில்வான் இல்லை. இப்போதெல்லாம் மருந்துக்கடையிலும் நானே பேசுகிறேன், எல்லா நாளும் ஒரே மாதிரி வருவதில்லை, ஆனால் வரும், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. நீங்கள் நீண்ட தூரம் போவதற்கு முன்னால் டயரில் காற்றுப் பார்க்க மறக்காதீர்கள், மாப்பிள்ளை போன தடவை வந்தபோது கிளட்சிலிருந்து காலை எடுக்காமலே ஓட்டினார், மரியாதைக்காக அன்று சும்மா இருந்தேன், நீ சொல்லிவிடு. நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கூடி நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

மேலே உன் பெயரைப் போடாமல் மொட்டையாக மகளுக்கு என்று ஆரம்பித்திருப்பதை மறதி என்று நினைக்காதே. எழுதுவது எனக்குச் சுலபம், அதனால்தான் எழுதவில்லை. இது கைக்குக் கிடைத்ததும் அம்மாவுக்கு ஒரு வரி மெசேஜ் போடு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே உன்னைக் கூப்பிடுகிறேன். போனை எடுத்ததும் ஹலோ என்றோ சொல்லுங்கப்பா என்றோ ஆரம்பித்துவிடாதே. எவ்வளவு நேரமானாலும் பேசாமல் காத்திரு. முதல் வார்த்தை என்னுடையது.

இப்படிக்கு,
உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகும்
அப்பா