குறை மட்டும் எழுதும் நோட்டு

வெள்ளி, கொர்தாத் 5

எங்கள் சுற்றுலா முகாமின் பதினொரு மேடைகளில் நான்கில்தான் கூடாரம். போன வருஷம் இதே வெள்ளிக்கிழமை ஒன்பது. ஆறு அதே ஆறு, வாதுமைத் தோப்பு அதே தோப்பு. இஸ்ஃபஹானிலிருந்து வரும் சாலையைக்கூட இந்த வருஷம் நன்றாகப் போட்டுவிட்டார்கள். அப்புறம் என்னதான் குறை?

மத்தியானம் விருந்தினர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஒரு இடத்தில்கூடக் குறை இல்லை. என் பெயரோடு 'கானும்' என்று மரியாதை சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள். "ஃபரங்கிஸ் கானும், உங்கள் கை வலிக்காமல் இருக்கட்டும்." "இத்தனை நாள் எங்கே இருந்தோம் என்று வெட்கப்படுகிறோம்." வாத்தியார் மொஃதமெதி ஒரு பக்கம் முழுக்க எழுதி, ஓரத்தில் ரோஜா வேறு வரைந்திருக்கிறார். அடுத்த வாரமே வருவேன் என்று என் முன்னாலேயே சொன்னார். ஒன்பது மாசம் ஆகிறது.

என் வீட்டுக்காரர் கராமத்திடம் காட்டினேன். "புகழ்ந்தவனெல்லாம் திரும்பி வந்திருந்தா, ஆத்துல கால் வைக்க இடம் இருக்காது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் புத்தகத்தை மூடியது அவர்தான்.

திங்கள், கொர்தாத் 8

கழிப்பறையாக இருக்குமோ? மூன்றுதான் இருக்கிறது. கோல்நெசா தினம் இரண்டு தடவை கழுவுகிறாள், தரையில் உட்கார்ந்து சாப்பிடலாம். குளியலறை இரண்டு. இரண்டாவதில் வெந்நீர் ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும், அது உண்மை. கொசு? ஆற்றங்கரை என்றால் கொசு இருக்கத்தானே செய்யும்.

கோல்நெசாவைக் கேட்டேன். வாய்க்குப் பூட்டில்லாத மனுஷி, இவளாவது சொல்லட்டும் என்று. "நான் குளியலறையைக் கழுவுறேன். மனுஷங்க மனசைக் கழுவி உள்ள என்ன இருக்குன்னு பார்க்கிற வேலை எனக்குக் கொடுக்கல" என்றாள்.

வெள்ளி, கொர்தாத் 19

நூருல்லா ஃபோன் பண்ணியிருக்கிறார், பந்தர் அப்பாஸிலிருந்து. அவரும் கராமத்தும் பதினேழு வருஷம் அந்த ரோட்டில் டிரெய்லர் ஓட்டியவர்கள். அவரிடம் இப்போது சொந்தமாக இரண்டு வண்டி. ஒன்றுக்கு டிரைவர் இல்லை. ஷஹ்ரீவர் மாசம் பிறப்பதற்குள் பதில் சொல்லவேண்டுமாம்.

சாப்பிடும்போது கராமத் சாதாரணமாகக் கேட்டார். "போகட்டுமா? நீ என்ன சொல்ற?"

"உங்க இஷ்டம். என்னால உங்களுக்குத் தடை வேணாம்" என்றேன்.

வேறென்ன சொல்வது? முதல் தடவை கேட்டதற்கு யாராவது மனசில் உள்ளதைச் சொல்வார்களா? எங்கள் ஊரில் ஒரு கோப்பை டீயைக்கூட முதல் தடவையில் வாங்கிக்கொள்ள மாட்டோம். மூன்றாம் தடவை கேட்டால்தான் அது கேள்வி. அதுவரை உபசாரம்.

அவர் போகக்கூடாது. இங்கே எழுதிவைக்கிறேன், இங்கேயாவது. அந்தப் பதினேழு வருஷம் ராத்திரியெல்லாம் லாரிச் சத்தத்துக்கு ஜன்னல் பக்கம் காது வைத்தே கழிந்தது. மறுபடி முடியாது.

சனி, தீர் 3

நேற்று ஐந்து மேடை. எல்லாருக்கும் காலையில் ரொட்டி, வெண்ணெய், வெள்ளரிக்காய். பதினொரு மணிக்கு டீ. மத்தியானம் ஒரு குடும்பம் அடுப்பு மூட்டி கபாப் சுடப் போனார்கள். நான் விடவில்லை; ஆட்டுக்கறிச் சூப் கொண்டுபோனேன். "கானும், வேண்டாம், சிரமப்படாதீங்க" என்று அந்த வீட்டுப் பெண் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவைதானே! வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு இரவு தங்கவேண்டியவர்கள் சாயங்காலமே கூடாரத்தைப் பிரித்துவிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறதாம். குழந்தை அப்போது தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தது.

புதன், தீர் 14

இரண்டாம் தடவை கேட்டார். தண்ணீர்க் குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். "நூருல்லா மறுபடி கேட்டான். போகட்டுமா?"

"நீங்க எங்க சந்தோஷமா இருந்தாலும் எனக்குச் சரிதான்."

சரிதானாம்! எப்படித்தான் வாயில் வருகிறதோ.

அவருக்குப் போக ஆசையா? ஆசை இருந்தால் எதற்கு என்னைக் கேட்கவேண்டும்? ஆசை இல்லாவிட்டால் எதற்கு நூருல்லா பேச்சு? ஒருவேளை இந்த முகாம் அவருக்குச் சலித்துவிட்டதோ. நான் சலித்துவிட்டேனோ. தலை சுற்றுகிறது.

வியாழன், தீர் 22

மூன்று மேடை.

ஞாயிறு, மோர்தாத் 8

கேட்டுவிட்டார். மூன்றாம் தடவை.

வெந்நீர் பாய்லரைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கரி. "ஃபரங்கிஸ், கடைசியா கேட்கிறேன். போகட்டுமா, வேணாமா?" இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். இது நிஜக் கேள்வி என்று எனக்குத் தெரிந்தது. சொல்லு, சொல்லு என்று உள்ளே அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன். "நான் யாரு உங்களைத் தடுக்க? போய்ட்டு வாங்க, உங்க நிழல் குறையாம நல்லா இருங்க."

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "சரி" என்றார்.

என்ன பேசினேன் நான்? யார் சொல்லச் சொன்னது? நாற்பத்தொரு வருஷமாகப் பழகிப்போன நாக்கு, தானாக நடந்துவிட்டது. இப்போது போய் மாற்றிச் சொன்னால் அது உபசாரம் என்று நினைப்பாரா, நிஜம் என்று நினைப்பாரா? எது எதுவென்று எனக்கே தெரியவில்லையே.

பாய்லர் பாதியில் கிடக்கிறது.

வெள்ளி, மோர்தாத் 13

எழுத்து கோணலாக வருகிறது. பரவாயில்லை.

குளியலறைக்குப் பின்னால் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே ஏழாம் மேடைப் பெண்கள் இரண்டு பேர், பல் தேய்த்துக்கொண்டே பேச்சு. அக்காள் தங்கை போல.

"அந்தம்மா வந்தாச்சா?"

"இப்பத்தான் போனாங்க. ஏழாவது டீ. நான் எண்ணிட்டே இருக்கேன்."

"காலை நீட்டிப் படுக்க முடியல. தலையில துணி சரியா இருக்கான்னு பார்த்துப் பார்த்து கழுத்து வலிக்குது. இதுக்கு மாமியார் வீட்டுக்கே போயிருக்கலாம், பெட்ரோலாவது மிச்சம்."

"மெதுவா பேசுடி. பாவம், நல்ல மனுஷி."

"நல்ல மனுஷிதான். அதான் கொல்றாங்க. நாளைக்கு எழுந்ததும் கிளம்பிடலாம். புத்தகத்துல நீ எழுது, உனக்குத்தான் அழகா வரும்."

துண்டைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

என் டீயையா? நானா? என் கையால வச்ச சூப்பையா இத்தனை நாளா… வாய் இருக்கில்ல, வேண்டாம்னு சொல்றதுக்கு? சொன்னாங்கதான். ரெண்டு தடவை சொன்னாங்க. ஆனா ரெண்டு தடவை எல்லாரும்தானே சொல்வாங்க! மூணாம் தடவை சொல்ல நான்தான் நிக்கலியோ. தட்டை வச்சுட்டு ஓடி வந்துட்டேனோ.

ஓடித்தான் வந்தேன். எப்போதும்.

சனி, மோர்தாத் 14

ஏழாம் மேடைக்காரர்கள் காலையில் போனார்கள். புத்தகத்தில் நான்கு வரி, அழகாகத்தான் இருந்தது. "சொந்த வீட்டில் இருந்ததுபோல் இருந்தது" என்று முடித்திருந்தாள். வாசல்வரை போய்க் கையசைத்தேன். கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

திங்கள், மோர்தாத் 16

இரண்டு வேலை செய்தேன்.

ஒன்று, ஒவ்வொரு மேடைத் தூணிலும் ஆட்டுக் கழுத்து மணி ஒன்று கட்டினேன். வேண்டுமென்றால் அடிக்கட்டும், வருகிறேன். அடிக்காவிட்டால் வரமாட்டேன்.

இரண்டு, குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் தொங்கவிட்டேன். மேலே எழுதினேன்: "இதில் குறை மட்டும் எழுதவும். பாராட்டுக்கு வேறு புத்தகம் இருக்கிறது. பெயர் வேண்டாம்."

கோல்நெசா படித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எவன் எழுதுவான்? நம்ம ஆளுங்க பாம்பு கடிச்சாக்கூட 'அருமையான பாம்பு'ன்னு எழுதிட்டுப் போவாங்க."

கராமத் மணியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். அவர் பை, அந்தப் பழைய லாரிப் பை, வராந்தாவில் காற்றாட வைத்திருக்கிறது.

வெள்ளி, மோர்தாத் 20

காலையிலிருந்து சமையலறை ஜன்னலில் நிற்கிறேன். மணி அடிக்கவில்லை. காலெல்லாம் நமைச்சல். மூன்றாம் மேடையில் ஒருவர் தன் கேஸ் அடுப்பில் ஓம்லெட் போடுகிறார், அதைக் கருக்குகிறார். என்னால் பார்க்க முடியவில்லை. "காலைக் கட்டிப் போட்டுக்கோ" என்கிறாள் கோல்நெசா.

கருகின ஓம்லெட்டைக் குடும்பமே சிரித்துச் சிரித்துத் தின்றது. அந்தம்மா தலைத்துணியைத் தளர்த்திவிட்டுப் பாயில் குறட்டை விட்டுத் தூங்கினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வருகிறார்கள்?

சாயங்காலம் ஒரு மேடையில் மணி அடித்தது. ஓடினேன். உப்பு வேண்டுமாம்.

சனி, மோர்தாத் 21

நோட்டில் எழுதியிருக்கிறார்கள்!

"இரண்டாவது குளியலறையில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது."
"பாத்திரம் கழுவுமிடத்தில் விளக்கு கண்ணைக் குத்துகிறது. பூச்சியெல்லாம் அங்கேதான்."
"கழிப்பறைச் செருப்பு எல்லாம் சின்ன அளவு. என் கால் நாற்பத்தைந்து."

மூன்று தடவை படித்தேன். புத்தகத்தில் இருக்கும் ரோஜாவைவிட இந்தச் செருப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. செருப்பு வாங்க ஆள் அனுப்பினேன், மஞ்சள் பல்பும் சேர்த்து. குளியலறை மட்டும் என்னால் ஆகாது. அந்தப் பாய்லர் கராமத் ஒருத்தருக்குத்தான் கட்டுப்படும், அவரோ பாதியில் போட்டதைத் திரும்பத் தொடவில்லை.

வெள்ளி, மோர்தாத் 27

கருகின ஓம்லெட்காரர் திரும்பி வந்துவிட்டார்! தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு. "அதே மேடை கொடுங்க கானும்" என்றார். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்த முதல் ஆள். எட்டு மேடை நிரம்பியிருக்கிறது.

கராமத்திடம் ஓடிப்போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டார், நிஜமாகவே. அப்புறம், "நல்லதாப் போச்சு. நான் இல்லாமலே நீ சமாளிச்சுடுவ" என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இல்லை, நான் சமாளிக்கமாட்டேன் என்று. "கடவுள் புண்ணியம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கும் ஒரு மணி கட்டியிருந்தால் தேவலை.

புதன், ஷஹ்ரீவர் 1

விடிந்ததும் கிளம்பிவிட்டார். குர்ஆனுக்கு அடியில் நுழையவைத்து, பின்னால் தண்ணீர் தெளித்து, எல்லாம் வழியனுப்பும் முறைப்படி செய்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை.

பத்து மணிக்குக் கோல்நெசா குறை நோட்டைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "இது விருந்தாளி எழுத்து இல்ல."

இல்லை. கராமத் எழுத்துதான். புள்ளி வைக்கிற இடத்தில் காகிதம் ஓட்டையாகும்.

"முகாமின் சொந்தக்காரியை மூன்று முறை கேட்டேன். 'போகாதே' என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லை. மற்றபடி வசதிகள் நன்று."

ஃபோனை எடுத்தேன். இஸ்ஃபஹான் பஸ் நிலையத்தில் இருந்தார். பின்னால் பஸ் நடத்துனர் கத்துவது கேட்டது. சாப்பிட்டீங்களா என்றேன். சாப்பிட்டேன் என்றார். அங்க வெயிலா என்றேன். கோல்நெசா எதிரே நின்றுகொண்டு பெருக்குமாற்றை ஓங்கினாள்.

"போகாதீங்க" என்றேன்.

"உபசாரத்துக்குச் சொல்றியா?"

"இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"நான் போயிட்டா உனக்குச் சிரமமா?"

"சிரமம் இல்ல. பயமா இருக்கு. முன்ன மாதிரி ராத்திரியெல்லாம் காது வச்சுட்டுக் கிடக்க என்னால முடியாது. போகாதீங்க."

"டிக்கெட் எடுத்துட்டேனே" என்றார். யாரோ அவரை வண்டியில் ஏறச் சொன்னார்கள். லைன் போய்விட்டது. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை.

வெள்ளி, ஷஹ்ரீவர் 3

வரவில்லை. ஃபோனும் இல்லை. ஒன்பது மேடை.

சனி, ஷஹ்ரீவர் 4

காலம் கடந்து சொன்னேனோ? மூன்று தடவை கேட்டு முடித்த பிறகு சொல்கிற பதில் செல்லுமா? யாரைக் கேட்பது இதையெல்லாம்.

நோட்டில்: "இரண்டாவது குளியலறையில் இன்னும் பச்சைத் தண்ணீர்." தெரிகிறது அப்பா, தெரிகிறது.

வெள்ளி, ஷஹ்ரீவர் 10

பதினொன்றில் பத்து மேடை. மத்தியானம்வரை நான்கு தடவை மணி அடித்தார்கள். நான்கு தடவைதான் போனேன். நோட்டில் இன்று ஒரே ஒரு வரி: "இரண்டாவது குளியலறையில் தண்ணீர் கொதிக்கிறது, முதுகு வெந்துவிட்டது."

கராமத் அதைப் படித்துவிட்டு, "இதுக்கும் குறையா?" என்று ஸ்பானரைத் தேடப் போனார்.

செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தார். வேலை வேண்டாம் என்று நூருல்லாவிடம் நேரில் போய்த்தானே சொல்லவேண்டும், ஃபோனில் சொன்னால் மரியாதையா? நூருல்லா அதைக் கேட்டுவிட்டு, வந்த விருந்தாளியை நான்கு நாள் விடவில்லையாம். வேளைக்கு வேளை மீன். "மூணு தடவை கிளம்பறேன்னு சொன்னேன், உபசாரம்னு நினைச்சுட்டான்" என்றார். ஒரு ஃபோன் பண்ணக்கூடாதா என்று கத்தினேன். "பண்ணினா நீ மறுபடி 'உங்க இஷ்டம்'னு சொல்லிடுவியோன்னு பயம்" என்றார். அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை.

இப்போது ஆற்றுப் பக்கம் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "டீ குடிக்கிறியா?" என்றார்.

"குடிக்கிறேன்" என்றேன், முதல் தடவையிலேயே.

அவர் திகைத்து நின்றுவிட்டார். கெட்டிலை இன்னும் அடுப்பிலேயே வைக்கவில்லையாம்.