மேசைக்கு அந்தப் பக்கம்

பார்மெரா
7 ஜனவரி 1961

அன்புள்ள ஐடா,

இங்கே நானும் மாடும் கோழிகளும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் கோடை வெயிலில் அதற்கு மேல் சொல்ல முடியாது. கடல் தாண்டி ஹோபார்ட்டில் நீயும் உன் அக்கா பெரிலும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுடைய கால் தேவலையா?

நேற்று வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குப் போய் நின்றேன். புதுச் சட்டை போட்டிருந்தேன். டிரைவர் இறங்கி, "மெர்வ், உங்க வீட்டம்மா இதுல வரலையே" என்று சொல்லிவிட்டுத் தபால் மூட்டையை எடுக்கப் போய்விட்டார். தேதியை நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேனா? நாட்காட்டியில் ஆறாம் தேதியை நீயே வட்டம் போட்டிருக்கிறாய். எதற்கு என்று எழுதவில்லை. பால் கடையும் இயந்திரத்துக்கு எண்ணெய் விடும் நாளோ என்று சந்தேகம் வந்து, அதற்கும் எண்ணெய் விட்டேன்.

நிழலிலேயே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. வெண்ணெய் உருகி ஓடுகிறது. கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. சாக்கை நனைத்துக் கூண்டின்மேல் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. திராட்சைக்கு முறைத்தண்ணீர் புதன்கிழமைதான்.

பெரிய தலைவலி ஆப்ரிகாட். உன் தோட்டத்து நாலு மரமும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒரே நாளில் பழுத்துவிட்டன. தக்காளி வெடிக்கிறது, பீன்ஸ் முற்றுகிறது. நீ வந்து பார்ப்பாய் என்று விட்டுவைத்தேன். இனியும் விட்டால் எறும்புக்குத்தான். நீ ஜாடிகளை வேகவைக்கும் கொப்பரையைக் கண்டுபிடித்துவிட்டேன். ஜாடியில் போட எவ்வளவு சர்க்கரை? எத்தனை நிமிடம்? பீன்ஸை என்ன செய்வது? நீ எப்போது வருகிறாய்?

கேட்ட வரிசையிலேயே பதில் எழுது. எனக்குக் குழம்பாமல் இருக்கும்.

உன்
மெர்வ்


ஹோபார்ட்
13 ஜனவரி 1961

அன்புள்ள மெர்வ்,

நலம். இங்கே மாலையில் கம்பளிச் சட்டை போட வேண்டியிருக்கிறது. பெரிலின் கால் இன்னும் சரியாகவில்லை.

சர்க்கரை: தண்ணீர் இரண்டு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு, காய்ச்சி ஆறவிடு. பழத்தை இரண்டாகப் பிளந்து, கொட்டையை எடுத்து, வெட்டுப்பக்கம் கீழே பார்க்க அடுக்கு. ரப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும். பழைய வளையத்தைப் போட்டு மிச்சம் பிடிக்காதே.

நேரம்: ஜாடிகளைப் பச்சைத் தண்ணீரில் வைத்து அடுப்பைப் பற்றவை. ஒன்றரை மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற வேண்டும். அவசரப்பட்டால் பழம் மேலே மிதக்கும். எடுத்ததும் பலகைமேல் வை. சிமெண்டுத் தரையில் வைத்துவிடாதே.

பீன்ஸ்: நறுக்கி, மண்சாடியில் ஒரு அடுக்கு பீன்ஸ், ஒரு அடுக்கு கல் உப்பு. மேலே கனமாக ஏதாவது வை.

தேதியில் உன் தப்பு ஒன்றுமில்லை.

ஐடா


பார்மெரா
20 ஜனவரி 1961

அன்புள்ள ஐடா,

உன் கடிதத்தை மாவு டப்பாவில் சாத்திவைத்துப் படித்துப் படித்துச் செய்தேன். முப்பத்தாறு ஜாடி போட்டேன். இருபத்தைந்து தேறியது. பதினொன்றை எடுத்து எங்கே வைத்தேன் என்று நீயே ஊகித்துக்கொள். "வைத்துவிடாதே" என்ற வரி அடுத்த பக்கத்தில் இருந்தது. பக்கத்தைத் திருப்பக் கையில் ஈரம். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு லாட்டி ட்ஸாண்டர் வேலியைத் தாண்டி ஓடி வந்தாள்.

"என்ன மெர்வ், பறவை சுடுறியா வீட்டுக்குள்ள?"

"பழத்தை ஜாடியில போடுறேன்."

"உன்னை ஊறுகாய் போட்ட மாதிரி இருக்கு. போய்க் கண்ணாடியில பாரு."

பார்த்தேன். முகம் பீட்ரூட் மாதிரி இருந்தது. காலை ஐந்து மணிக்குப் பால் கறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். பத்து மணிக்குச் சட்டையைக் கழற்றினேன். மதியம் கொட்டகை வெப்பமானியை எடுத்துவந்து சமையலறைச் சுவரில் மாட்டினேன். நூற்று இருபத்தொன்று. முதலில் அது கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வெளியே கொண்டுபோனேன், இறங்கியது. உள்ளே கொண்டுவந்தேன், ஏறியது.

ஐடா, இது எல்லா வருடமும் இப்படித்தானா? நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லையே. சொல்லி, எனக்குத்தான் காதில் விழவில்லையா?

இன்னொன்று. தேதியில் என் தப்பு இல்லை என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் வேறு எதிலோ இருக்கிறது என்று அர்த்தமா? நாலு முறை படித்தேன். லாட்டியிடம் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது, காட்டவில்லை. பழத்துக்கு எழுதியதுபோல இதற்கும் தெளிவாக எழுது. நான் வரிக்கு வரி செய்துவிடுவேன்.

குழப்பத்துடன்,
மெர்வ்


ஹோபார்ட்
27 ஜனவரி 1961

அன்புள்ள மெர்வ்,

எல்லா வருடமும் அப்படித்தான். மேற்கு ஜன்னலுக்கு மறைப்புப் போடச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். "அறுவடை முடியட்டும்" என்றாய். அறுவடை முடிந்ததும் வெயிலும் முடிந்துவிடும். நானும் மறந்துவிடுவேன்.

ஆனால் நான் வராததற்குக் காரணம் ஜன்னல் இல்லை. பெரிலின் காலும் இல்லை. அது கிறிஸ்துமஸுக்கு முன்பே சரியாகிவிட்டது. பொய் எழுதினேன், மன்னித்துவிடு.

டெவன்போர்ட் துறைமுகம் வரை போனேன். கையில் சீட்டு இருந்தது. எல்லோரும் ஏறினார்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்து கப்பல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஹோபார்ட்டுக்கே திரும்பினேன். பெரில் கதவைத் திறந்து, "என்னடி, எதையாவது மறந்துட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

போன பிப்ரவரியில் ஒரு ஜாடி பீன்ஸ் உடைந்ததே, நினைவிருக்கிறதா? நான் அதைக் கைதவறிப் போடவில்லை. விழுந்தது நான். கண் இருட்டி, மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் கிடந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நீ வாசலில் வந்து, "ஐடா, டீ இன்னும் ஆகலையா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. நீ போய்விட்டாய்.

மேசை மறைத்துக்கொண்டிருந்தது. நீ பார்க்கவில்லை. அதில் உன்மேல் குற்றம் இல்லை. என்னைக் குடைவது வேறு. எனக்குக் குரல் இருந்தது, மெர்வ். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரு வருடமாக யோசிக்கிறேன், ஏன் என்று விளங்கவில்லை. அது விளங்காமல் அந்தச் சமையலறைக்குள் எப்படி வருவது என்றும் தெரியவில்லை.

தக்காளியை விடாதே. ஜாடிக்கு ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு.

ஐடா


பார்மெரா
4 பிப்ரவரி 1961

அன்புள்ள ஐடா,

இந்தக் கடிதத்தை மூன்றாம் முறையாக எழுதுகிறேன். முதல் இரண்டில் வெறும் தக்காளிதான் இருந்தது.

நீ எழுதியது ஓரிடத்தில் தப்பு. மேசை மறைக்கவில்லை. உன் பாதங்களைப் பார்த்தேன். பழுப்புச் செருப்பு, ஒன்று காலில், ஒன்று கழன்று. தரை குளிர்ச்சியாக இருக்கிறதே, கொஞ்சம் படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். நாய்கூட அங்கேதான் படுக்கும். தூங்குகிறாயா என்று பார்க்கத்தான் டீ கேட்டேன். பதில் வரவில்லை. சரி, தூங்கட்டும் என்று தண்ணீர் திருப்பப் போனேன்.

அப்போது அது எனக்கு நல்ல காரியமாகத்தான் பட்டது. எழுப்பாமல் வந்துவிட்டோமே என்று என்மேலேயே ஒரு மெச்சுதல். இப்போது யோசித்தால், நீ பகலில் ஒருநாளும் படுத்தவள் இல்லை. இருபத்திரண்டு வருடம் கூட இருந்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் போனேனா? ஜாடி உடைந்து கிடந்ததும் கண்ணில் பட்டிருக்க வேண்டும். படவில்லையா, படவேண்டாம் என்றிருந்தேனா? உன் கடிதம் வந்ததிலிருந்து வாசலில் போய் நின்று நின்று பார்க்கிறேன். அங்கிருந்து எல்லாமே தெரிகிறது.

இதை எழுதாமல் இருந்திருக்கலாம். உனக்குத் தெரிந்திருக்காது. ஆனால் நீ பொய்யை ஒப்புக்கொண்டு எழுதிய பிறகு என்னால் முடியவில்லை.

ஜன்னலுக்குத் தகர மறைப்புப் போட்டுவிட்டேன். நூற்றுப் பதினாலுக்கு இறங்கியிருக்கிறது. தாமதம்தான். தக்காளி நாற்பது ஜாடி, ஒன்றுகூட உடையவில்லை. ஆப்ரிகாட் ஒன்றைத் திறந்து தின்றுபார்த்தேன். சொல்லக்கூடாது, எனக்கு அது பிடித்ததே இல்லை. நீ கஷ்டப்பட்டுப் போடுகிறாயே என்று தின்றுகொண்டிருந்தேன்.

மெர்வ்


ஹோபார்ட்
26 பிப்ரவரி 1961

அன்புள்ள மெர்வ்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. முதல் வாரம் உன்னோடு சண்டை போட்டேன். பெரில் எதிரில் இருந்ததால் அவளுக்குத்தான் திட்டு. "உன் புருஷன் செஞ்சதுக்கு என்மேல பாயாதடி" என்றாள்.

யாரும் பார்க்கவில்லை என்று ஒரு வருடம் நினைத்திருந்தேன். பார்த்தாய் என்று இப்போது தெரிகிறது. எது மோசம் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் இது, ஒருநாள் அது. ஆனால் நீ எழுதினாய். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்கும் ஆப்ரிகாட் பிடிக்காது. உனக்குப் பிடிக்கும் என்றுதான் வருடம் அறுபது ஜாடி போட்டேன். நீ எழுதியதைப் படித்ததும் கொஞ்சம் சிரித்தேன், அப்புறம் படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

இங்கே ஜாம் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பெரிய மின்விசிறிகள் ஓடுகின்றன. பத்தரைக்கு டீ, உட்கார்ந்து குடிக்கலாம். இந்தக் கோடைக்கு நான் வரமாட்டேன். அடுத்த கோடைக்கும் வருவேனா, தெரியாது. ஜூனில் இரண்டு வாரம் வருகிறேன், குளிரில். திரும்பிப் போவதற்கும் சீட்டு எடுத்துக்கொண்டுதான் வருவேன். அதற்கு நீ சம்மதிக்க வேண்டும்.

தோட்டத்தில் மிச்சம் இருப்பதை லாட்டிக்குக் கொடு. இல்லை, விழட்டும்.

எனக்கு எழுது. ஆனால் என்ன செய்வது, எத்தனை நிமிடம் என்று கேட்காதே. நீ மனதில் என்ன நினைக்கிறாய் என்று எழுது. எனக்குத் தெரியவே தெரியாது.

ஐடா


பார்மெரா
5 மார்ச் 1961

அன்புள்ள ஐடா,

சம்மதம். திரும்பும் சீட்டுக்கும் சேர்த்து.

என்ன நினைக்கிறேன் என்று கேட்டாய். கோழி எங்கே முட்டையிடுகிறது என்று பதுங்கிப் பார்ப்பதுபோல மூன்று நாளாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பால் கறக்கும்போது ஒன்றுமே நினைப்பதில்லை. தண்ணீர் திருப்பும்போது தண்ணீரைத்தான் நினைக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆனால் நேற்று வெயில் தாழ்ந்து கொடியில் துணி எடுக்கும்போது நான் பேசிக்கொண்டிருந்தேனாம். லாட்டி வேலியோரம் நின்று கேட்டுவிட்டாள்.

"மெர்வ், யாரோட பேசுற?"

"ஐடாவோட."

"அவதான் இங்க இல்லையே."

"இருந்தப்பப் பேசலை, லாட்டி."

அவள் கேலி செய்வாள் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. கூடையின் அடுத்த பிடியைப் பிடித்துக்கொண்டு வீடுவரை கூடவே வந்தாள்.

உன்னிடம் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. வாய்க்கால் கரையில் இரண்டு நாரை வந்திருக்கின்றன, ஒன்றுக்கு மற்றதைக் கண்டால் ஆவதில்லை, ஆனாலும் சேர்ந்தேதான் நிற்கின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெர்வ்